பத்தாவது துணி

ஒரு வண்டியைப் பிரிக்க உட்காரும்போது பத்துத் துணி எடுத்துக்கொள்வேன். வேலை முடிந்து கை கழுவும் முன், பத்தும் மண்ணெண்ணெய் டின்னுக்குள் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். எதையும் எழுதிவைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை விட்டவன். பழைய லுங்கியைக் கிழித்து என் மனைவி பத்தாகவே தருவாள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் பார்க்காமல் எழுந்தேன்.

அது டீச்சருடைய கார். தக்கலையில் என் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் ஆசையாக வைத்திருந்த நீலநிற ஆமைக் கார் அது. முதுகு வளைந்திருப்பதால் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எஞ்சின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரு விசிறி காற்றை ஊதி எஞ்சினைக் குளிர வைக்கும். அந்தக் காற்று சிதறாமல் நாலு சிலிண்டர் மேலும் இறங்குவதற்குத் தகரத்தில் ஒரு கூடு மாட்டியிருக்கும். கணவர் இறந்தபின் மூன்று வருடம் வண்டி ஷெட்டிலேயே கிடந்தது. பிறகு, அறுபது வயதுக்கு மேல், டீச்சர் லைசென்ஸ் எடுத்து அதை ஓட்ட ஆரம்பித்தார்.

இப்படிக் காற்றில் குளிரும் பழைய கார்களை வைத்திருக்கும் ஆறேழு பேர் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். சங்கம், தலைவர் என்று ஒன்றும் கிடையாது. பத்மநாபபுரம் அரண்மனை முன்னால் சேர்ந்து, எங்கேயாவது ஓட்டிப்போய்ச் சாப்பிட்டு, எஞ்சினைப் பற்றியே பேசித் தீர்த்துவிட்டுத் திரும்புவார்கள். டீச்சரின் கணவர் தவறாமல் போவார். அவர் இல்லாமல், தானே ஓட்டிக்கொண்டு டீச்சர் போக இருந்த முதல் ஞாயிறு அது. பேச்சிப்பாறை அணைக்குப் போவதாக ஏற்பாடு.

முந்தின நாள் மத்தியானம், ஆயில் ஒழுகுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். ஆயில் கூலரின் சீல் போயிருந்தது. அதை மாற்றத் தகரக்கூட்டைக் கழற்ற வேண்டும். கூட்டை எடுத்தால் சிலிண்டர்களைச் சுற்றி இடுக்குகள் தெரியும். ஒரு நட்டு அதற்குள் விழுந்தால் அரை நாள் போய்விடும். அதனால் இடுக்குகளில் துணியைத் திணித்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்போம்.

யாராவது பக்கத்தில் இருந்து பார்த்தால் எனக்குக் கை ஓடாது. பேச்சும் வராது. டீச்சர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இது என்ன மேஸ்திரி?”

“கூலர் டீச்சர்.”

“நாளைக்கு ஏத்தத்துல ஏறிருமா?”

“ஏறும் டீச்சர்.”

இதையே அவர் நாலு தடவை கேட்டார். நானும் நாலு தடவை ஏறும் என்றேன். சாயங்காலம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. அவர் கிளம்பினால் போதும் என்று இருந்தது எனக்கு. கூட்டை மாட்டினேன், ஸ்டார்ட் செய்தேன், ஒழுகவில்லை என்று காட்டினேன், சாவியைக் கையில் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றடியில் துணிகளை அலசிக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள்.

“இஞ்ச பாருங்க. பத்துதான தந்தேன்? ஒம்பதுதான் கெடக்கு. ஒண்ண எங்க கொண்டு களைஞ்சிய?”

“டின்னுக்க அடியில பாரு.”

“டின்ன கவுத்தியே பாத்தாச்சு.”

பட்டறைக்கு ஓடி மேசைக்கு அடியில், பெஞ்சுக்குப் பின்னால், என் பழைய சட்டைப் பையில்கூடத் தேடினேன். இல்லை என்று தெரிந்துகொண்டே தேடினேன். இடதுபக்கம், மூன்றாம் சிலிண்டரின் இடுக்கில் துணியைத் திணித்தது விரலுக்கு ஞாபகம் இருந்தது. திரும்ப எடுத்தது ஞாபகம் இல்லை. அந்த எஞ்சினில் மற்ற மூன்றையும்விட அதிகம் சூடாவது மூன்றாம் சிலிண்டர்தான். ஆயில் கூலரின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் காற்றுதான் அதற்குக் கிடைக்கும். அதையும் நான் துணியால் அடைத்து, மலையேற அனுப்பியிருந்தேன்.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது டீச்சர் போனைத் தொடமாட்டார். பைக்கை எடுத்தேன்.

அரண்மனை முன்னால் ஒரு காரும் இல்லை. கடலை விற்பவரிடம் கேட்டேன்.

“ஆமை வண்டியளா? இப்பம்தான் போச்சு. மாப்பிள்ள அழைப்புக்குப் போற மாதிரி வரிசையா போச்சுல்லா.”

திருவட்டாறில், கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடைப் பக்கம் அவர்களைப் பிடித்தேன். ஆறு வண்டியும் பின்மூடியைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றன. நிறுத்தும் இடத்திலெல்லாம் மூடியைத் தூக்கி எஞ்சினுக்குக் காற்று விடுவது அவர்கள் வழக்கம். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, “எல்லா வண்டியும் ஒண்ணாவே கேடாயிப்போச்சா?” என்று வருத்தத்தோடு விசாரித்துவிட்டுப் போனார்.

டீச்சர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“பயந்துதான பொறத்தால வந்திய? நான் ஓட்டுவேன்னு நம்பிக்கை இல்ல, என்ன?”

வாயைத் திறப்பதற்குள் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். “இவருதான் நான் சொன்ன மேஸ்திரி. நேத்து ஒரே நாள்ல கூட்டக் கழத்தி, சீல் மாத்தித் தந்தவரு.”

கை குலுக்கினார்கள். குளச்சல்காரர் ஒருவர், வளைகுடாவில் இருந்து திரும்பியவர், அதே எஞ்சின் உள்ள ஒரு வேன் வைத்திருந்தார். என் தோளில் கையைப் போட்டார்.

“சத்தம் கேட்டியளா? தையல் மெஷின் கணக்கால்லா ஓடுது. எனக்க வண்டியையும் உம்ம கையில தந்திருதேன்.”

டீ கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். இப்போது சொல்லலாம், கிளாஸைக் கீழே வைத்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் டீச்சர், “பைக் இங்க கெடக்கட்டு, நீங்களும் ஏறுங்க” என்று முன்கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தேன். அந்தக் கதவை அடைத்த சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

குலசேகரம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். டீச்சர் கியரை மாற்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு, அழகாகவே ஓட்டினார். அப்போதுதான் அந்த மணம் வந்தது. சட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மறந்தால் வருமே, அது.

“எங்கயோ சருகு எரிக்காங்க போல” என்றார் டீச்சர்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். எஞ்சின் போனாலும் பழைய வண்டிதானே, ஏற்றம்தானே என்பார்கள். நான் வைத்த துணி என்று யாருக்கும் தெரியவராது. அவர் கைகளைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“டீச்சர், வண்டிய ஒதுக்குங்க.”

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

“ஒதுக்கி ஆஃப் பண்ணுங்க. சருகு இல்ல. உள்ள துணி கெடக்கு. நான் வச்சது. எடுக்க மறந்துட்டேன்.”

பின்னால் வந்த ஐந்து வண்டிகளும் நின்றன. எல்லாரும் இறங்கி வந்தார்கள். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நானே சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டுக்குள் துணியை விட்டுவிட்டேன் என்றேன்.

“எந்தப் பக்கம்?”

“மூணாம் சிலிண்டர் பக்கமாக்கும்.”

திருவனந்தபுரத்திலிருந்து பச்சைக் காரில் வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “மூணு தன்னேயோ?” என்று மலையாளத்தில் கேட்டார். வேறு ஆட்களாக இருந்தால் எத்தனையாவது சிலிண்டராக இருந்தால் என்ன என்பார்கள். இவர்களுக்குத் தெரியும்.

சூடான எஞ்சினில் கை வைக்க முடியாது. ஆறும்வரை நிழலில் உட்கார்ந்தோம். நான் தள்ளி நின்றேன். குளச்சல்காரர் கை தட்டிக் கூப்பிட்டார்.

“இஞ்ச வந்து இரியும் மக்கா. நீரு துணியத்தானே விட்டீரு. நான் ஒருக்கா லீவுக்கு வந்தப்பம் எஞ்சின முழுசா பூட்டி ஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. பாத்தா, வாங்கின ஆயில் டப்பா தெறக்காம வாசல்ல இருக்கு. என்னப் பாத்து இளிக்குது.”

பச்சைக் கார்க்காரர், காணாமல்போன அவருடைய பத்தாம் நம்பர் ஸ்பானர் இரண்டு வருடம் எஞ்சின்மேல் ஓசியில் சவாரி போன கதையைச் சொன்னார். டிக்கெட் எடுத்ததா என்று யாரோ கேட்டார்கள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் வந்தார்.

“திருவட்டாறுலயே தெரியும், இல்லியா?”

“தெரியும் டீச்சர்.”

“டீ குடிச்சிட்டு நின்னிய.”

“ஆமா.”

சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். “நானும் உங்களப் பேச விடல்ல. அத்தன பேரு முன்னால புகழ்ந்து ஏத்தி வச்சிட்டேன்” என்றார். பிறகு, “நேத்து நான் பக்கத்துல இருந்ததுனாலயா மறந்தது?” என்று கேட்டார்.

நான் எஞ்சின் பக்கம் திரும்பி, சூடு குறைந்ததா என்று பார்த்தேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

“போங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. முப்பது வருசம் பிள்ளைகள வெளிய போகச் சொன்னவளாக்கும் நான். கோவப்படவா செய்வேன்?”

எஞ்சின் ஆறியது. கூட்டை முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. நாலு விரல் அளவு தூக்கினால் போதும். ஒருவர் பெல்ட்டைக் கழற்றினார். இரண்டு பேர் ஸ்க்ரூக்களை வாங்கித் தொப்பியில் போட்டார்கள். குளச்சல்காரர் கூட்டைத் தூக்கிப் பிடித்தார். நான் கையை விட்டேன். என் முதுகுக்குப் பின்னால் ஆறு தலைகள் குனிந்திருந்தன. ஆனாலும் அன்று கை ஓடியது.

விரலில் துணி தட்டியது. மெதுவாக இழுத்தேன். சிவப்புக் கட்டம் போட்ட லுங்கித் துண்டு. ஒரு ஓரம் முறுகிப் பழுப்பாகி, தொட்டதும் உதிர்ந்தது. இன்னும் இரண்டு ஏற்றம் போயிருந்தால் பற்றியிருக்கும். சிலிண்டரைத் தடவிப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயிலை எடுத்து முகர்ந்தேன். கருகல் மணம் இல்லை. கூட்டை மாட்டிவிட்டு, “ஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்” என்றேன்.

எல்லாரும் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் மாறவில்லை. அதே தையல் மெஷின். பக்கத்தில் இருந்த ரப்பர் மரத்தில் சாய்ந்துகொண்டேன். குளச்சல்காரர், “மேஸ்திரி இப்பம்தான் மூச்சு விடுகாரு” என்றார். உண்மைதான்.

அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. நல்ல காற்று. ஆறு வண்டிகளும் மூடியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றன. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சோறும் கொண்டுவந்திருந்தார்கள். டீச்சர் என் இலையில் இரண்டாம் முறையும் மீன் வைத்தார். சாப்பிட்டபின் ஒவ்வொருவராக வந்து, எனக்க வண்டிச் சத்தத்த ஒண்ணு கேட்டுச் சொல்லும் என்றார்கள். கேட்டேன். பச்சைக் காருக்கு டாப்பெட் லூசாகி வால்வு தட்டுகிறது என்றேன். அவர் வண்டியில் இருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரிதான் என்றார்.

திருவட்டாறில் பைக்கை எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்தேன். மனைவி கொடியில் ஒன்பது துணிகளை உலர்த்தியிருந்தாள். பத்தாவதை எடுத்துக் கொடுத்தேன். கருகின ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க கெடந்து?”

“டீச்சருக்க எஞ்சினுக்குள்ள.”

“அய்யோ. ஏசினாவளா?”

“இல்ல. சோறு தந்தாங்க. மீன்கறியும்.”

துணியை ஒரு தடவை உதறிக் கொடியில் போட்டாள்.

“அப்பம் அடுத்த மட்டம் ரெண்டு துணிய விட்டுட்டு வாங்க” என்றாள். “நானும் வாறேன்.”