அக்கா வீட்டு இரைச்சல்

சத்தத்தை அளப்பது ஒரு வேலை என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "எங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்களேன்" என்பார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு அவருக்குப் புளித்துவிட்டது. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'காது'. முகத்துக்கு நேரே 'காது சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் காது. அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. கோபம் என்றால் குரலை உயர்த்த வேண்டுமே, அது அவருக்கு வராது.

முதலில் ஒலிபெருக்கி வாடகைக் கடையில் இருந்தார். மேடைக்கு மேடை பெட்டி அடுக்கி, ஒயர் இழுத்து, அடுத்தவர் காதைக் கிழிக்கிற வேலை. கடையை மூடிவிட்டார்கள். பிறகு, சுற்றுச்சூழல் ஆய்வு செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டப் போனார். வண்டியில் கிடந்த கருவிகளைச் சும்மா இருக்கும்போது துடைத்து வைத்தார். துடைத்தவரே இயக்கவும் பழகினார். சில வருடங்களில் கம்பெனியின் சத்தப் பிரிவு என்றால் அவர் ஒருத்தர்தான் என்று ஆகிவிட்டது.

பாலமோ ஆலையோ, எது கட்டுவதாக இருந்தாலும் அதற்கு முன்பு அந்த இடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று யாராவது போய் அளந்து வர வேண்டும். அந்த யாராவதுதான் இவர். முக்காலியை நிறுத்தி, பஞ்சு உறை மாட்டிய மைக்கைப் பொருத்தி, பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இருமக் கூடாது, தும்மக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. நாற்காலி கிரீச்சிட்டால் அதுவும் பதிவாகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை அதற்கு எண்ணெய் போடுவார். அப்படி நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே டிவி ஒரு பக்கம், சண்டை போடும் இரண்டு மகள்கள் ஒரு பக்கம், அடுத்த அறையில் இருக்கிறவரிடம் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசும் மனைவி ஒரு பக்கம். அந்தக் கூச்சலுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவருக்குப் போன உயிர் திரும்பி வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனுஷனை ஒரு சிமெண்டு ஆலை மாட்டிவிட்டது. நகரத்தின் ஓரத்தில் பல வருடமாக மூடிக் கிடந்த ஆலை. அந்த நிலத்தில் அரசாங்கம் ஒரு பாதுகாப்புப் பயிற்சி மையம் கட்ட நினைத்தது. காவலுக்குப் போகிறவர்கள் அங்கே வந்து சுடப் பழகுவார்கள், வண்டியை வேகத்தில் திருப்பப் பழகுவார்கள், பூட்டிய கதவை வெடி வைத்துத் திறக்கப் பழகுவார்கள். ஆலையின் மதிலை ஒட்டி ஒரு தெரு இருந்தது. மதிலுக்கு மிக அருகில் இருந்த வீடு அவருடைய சொந்த அக்காவின் வீடு.

அத்தான் திடீரென்று இறந்துபோன பிறகு, வேலைக்குப் போகிற தாய் தகப்பன்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்டுதான் அக்கா பிழைத்தாள். கூடத்தில் வரிசையாகச் சின்னக் கட்டில்கள். மதியம் பாலைக் கொடுத்துத் தட்டிவிட்டால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடும். அந்த நேரம் தெருவே பூனை மாதிரி நடக்கும். எதிர்வீட்டுத் தச்சர்கூட அந்த வேளையில் ரம்பத்தைத் தொட மாட்டார். அக்காவின் தொழிலுக்கு மூலதனமே அந்த மதியத் தூக்கம்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வெடிக்க ஆரம்பித்தால் எந்தத் தாய் குழந்தையை அங்கே கொண்டுவந்து விடுவாள்?

அவர் நேராக மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். மேலாளர் தங்கமான பெண்மணி, ஆனால் ஆள் பற்றாக்குறையில் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"மைக்குக்கு அக்கா தங்கச்சி எல்லாம் கிடையாது சார். போய் வெச்சுட்டு வாங்க. ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க, நம்பர் கூடினா நல்லதா, குறைஞ்சா நல்லதான்னு அங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும்."

"திறக்க மாட்டேன் மேடம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த விதி ஏன் என்று அவருக்குத் தெரியும். அமைதியான இடம் என்று பதிவானால், அங்கே துப்பாக்கிச் சத்தம் பெரிய தொந்தரவு என்று அறிக்கை சொல்லும், சுடும் தளத்தை நகர்த்தச் சொல்லும். ஏற்கெனவே சந்தைக்கடை மாதிரி இரைகிற இடம் என்று பதிவானால், கூட நாலு வெடி வெடித்தால் யாருக்கு என்ன என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். இதை வெளியே சொன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் நாடகம் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

சொல்லாமலேயே நாடகம் போட்டார்கள் என்பதுதான் கூத்து.

அன்று மதியம் அவர் அக்கா வீட்டுப் பின்புறத்தில் முக்காலியை நிறுத்தியதும், அக்கா ஜன்னல் வழியாக யாருக்கோ கையைக் காட்டினாள். தச்சர் ரம்பத்தை ஓட்டினார். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் கிளம்பியது. யாரோ ஒரு புண்ணியவான் தகரத்தைச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார். எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளேயிருந்து குழந்தைகளின் அழுகை. தூங்க வேண்டிய நேரத்தில் தூங்க விடாமல் வைத்திருந்தால் குழந்தை வேறு என்ன செய்யும்? வீறிட்டன.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. அக்கா கதவில் சாய்ந்து, எப்படி என் வேலை என்கிற மாதிரி தம்பியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். சத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பேர் இரக்கப்படுவார்கள் என்பது அவள் கணக்கு. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள், அதுவும் ஊரைக் கூட்டி. போய்க் கையைப் பிடித்து நிறுத்துக்கா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அளவு முடிந்ததும் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். எந்த வீடானாலும் அதே கேள்விதான்.

"அக்கா, இன்னைக்கு மத்த நாள் மாதிரிதானா? இல்ல, வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துச்சா?"

"தினமும் இப்படித்தான் தம்பி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நாங்க படுற பாடு உனக்கென்ன தெரியும். முடிஞ்சா நீயும் கொஞ்சம் கூட்டிப் போடுடா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, அழுகிற ஒரு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் நெடுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அன்றைய பதிவின் அடியில் எழுதினார்: இந்த வீட்டுக்காரர் என் அக்கா. இது வழக்கமான நாள் என்று அவர் சொன்னது பொய். இந்த வீட்டில் மதிய நேரத்தில் நான் பலமுறை தூங்கியிருக்கிறேன். இன்றைய அளவை எடுத்துக்கொள்ளக் கூடாது, வேறு ஆளை அனுப்பி மறுபடி அளக்க வேண்டும்.

மேலாளர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் மறைக்கவில்லை. அவரை அந்த ஆய்விலிருந்து எடுத்துவிட்டு, எங்கோ ஒரு நாற்சந்தியில் லாரிகளை எண்ண அனுப்பினார்கள். வேறு கம்பெனியிலிருந்து ஒரு பெண், யாரிடமும் சொல்லாமல் ஒரு மதியம் வந்து, அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் மைக்கை வைத்து அளந்துகொண்டு போனாள். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவர்கள் எல்லாரும் குழந்தைகளோடு சேர்ந்து கண்ணயர்ந்திருந்தார்கள்.

அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது அந்தக் குறிப்பும் கூடவே வந்தது. தச்சர் படித்துக் காட்டினாராம். அன்று மாலையே போன் வந்தது.

"கூடப் பிறந்தவளைப் பொய்க்காரின்னு ஊரறிய எழுதியிருக்கியே, உனக்கு நான் என்னடா பாவம் பண்ணினேன்?"

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா."

"சொல்லாத. இனிமே எதுவுமே சொல்லாத."

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. இவர் போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓயும். மனைவிகூட வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகர மன்றத்தில் நடந்தது. தெருவே வந்திருந்தது. குழந்தைகளை அக்காவிடம் விடும் தாய் தகப்பன்மாரும் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பயிற்சி மையத்தின் வக்கீல் எழுந்தார். பாவம், அவர் வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார்.

"ரெண்டு அளவு இருக்கு. முதல் அளவுப்படி அது நல்ல இரைச்சலான தெரு. சுடும் தளத்தால அங்க புதுசா ஒரு பாதிப்பும் வராது. வழக்கமான நாள்தான்னு வீட்டுக்காரம்மாவே உறுதி சொல்லியிருக்காங்க. ரெண்டாவது அளவு என்னைக்கோ ஒரு அமைதியான மதியம் எடுத்தது. முதல் அளவைத் தள்ளச் சொல்லி எழுதினது யாரு? அந்தம்மாவோட சொந்தத் தம்பி! அக்காவுக்குச் சாதகமா எழுதாம வேற எப்படி எழுதுவார்?"

அக்காவுக்குச் சாதகமாக. அந்த வார்த்தை வந்து விழுந்ததும் அக்கா நிமிர்ந்தாள். கூட்டினால் நல்லது என்று தான் போட்ட கணக்கு தலைகீழாக நின்றது அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. தம்பி எதற்காக அப்படி எழுதினான் என்பதும் புரிந்தது.

கூட்டத்தை நடத்திய அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. எது உங்க வழக்கமான நாள்?"

அக்கா எழுந்து மைக்கிடம் போனாள். உண்மையைச் சொன்னால் யார் யாரெல்லாம் கேட்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் தாய்மார்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தாள்.

"என் தம்பி எழுதினது நிஜம். நான் சொன்னதுதான் பொய். ரம்பத்தை ஓட்டச் சொன்னது நான். மோட்டாரைப் போடச் சொன்னது நான். புள்ளைங்களைத் தூங்க விடாம அழ வெச்சதும் நான்தான். பெத்தவங்க எல்லாரும் இங்கதான் இருக்கீங்க, கேட்டுக்கோங்க. என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போனீங்க." அதிகாரி பக்கம் திரும்பினாள். "மத்தபடி எங்க தெருவுல மதியத்துல ஒரு சத்தமும் இருக்காதுங்க. வந்து பாருங்க."

ஒரு தாய் எழுந்து விடுவிடுவென்று வெளியே போனாள். மறுநாளிலிருந்து அவள் குழந்தை வரவில்லை. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், முறைத்தார்கள், ஆனால் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. மையம் வரும். ஆனால் சுடும் தளம் மதில் ஓரத்தில் இல்லை, நிலத்தின் அந்தக் கோடியில், நாலு சுவரும் கூரையும் போட்ட கட்டடத்துக்குள்.

அது பிறகு வந்த சேதி. அன்று கூட்டம் முடிந்ததும் அவர் மன்றத்துப் படிக்கட்டில் நின்றார். அக்கா இறங்கி வந்து ஒரு படி மேலேயே நின்றுகொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தனை பேரையும் அடக்கியிருப்பேனேடா."

"சொல்லியிருந்தா அது நான் சொல்லிக்கொடுத்த அமைதியாயிருக்கும்கா. அந்த வக்கீல் இன்னைக்கு அதையும் பிய்ச்சுப் போட்டிருப்பார்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னைப் பொய்க்காரின்னு எழுதும்போது உனக்குக் கை நடுங்கலையா?"

"கை நடுங்கலக்கா" என்றார் அவர். "அழுதேன். வண்டிக் கண்ணாடியை எல்லாம் ஏத்தி விட்டுட்டு, வாய்விட்டு அழுதேன்."

அக்கா மீதிப் படியையும் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.