வரிசையே இல்லாத டீ இடைவேளை

கேன்டீனில் டீக்கு வரிசை நீண்டு, ஃபேக்டரியில் மெஷின்கள் சும்மா நிற்கின்றன என்று, யார் எப்போது டீக்குப் போகலாம் என கம்ப்யூட்டரில் ஒரு மாடல் போட்டுக் கொடுத்தேன். எங்கள் டீமில் இரண்டு பேருக்கு ஒரே நேரம் வராது.

இன்று முதல் நாள். மெஷின்கள் நிற்கவே இல்லை. கேன்டீனில் நான் மட்டும்.

டீ ஊற்றும் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏன் சார், உங்க செட்டு ஒருத்தரும் வரலியே? சண்டையா?"

"இல்லக்கா, கம்பெனி ஏற்பாடு."

"எந்தப் புண்ணியவான் செஞ்சான்?"

நான் டீயைக் குடித்தேன். மத்திகிரியில் வாடகை ரூமில் தனியாக இருப்பவனுக்கு அந்த வரிசைதான் பேச்சுத்துணை.

திரும்பியதும் மேனேஜர் கைகொடுத்தார். "சூப்பர்ப்பா! சாப்பாட்டுக்கும் இப்படியே போட்டுடு."

"சாப்பாட்டுக்குக் கணக்கு உதைக்குது சார்" என்றேன். இன்னும் போட்டே பார்க்கவில்லை.

என் டீ நேரம் பத்தேகால். அப்போது டீ குடிப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு போன் போடுங்கள்.