நாலு விரல் உயரம்

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு தாம்பரம் வீட்டை நானும் அண்ணனும் பிரித்துக்கொண்டோம். தெருமுனை வீடு. தெருவைப் பார்த்த பாதி அவனுக்கு, சந்துப் பக்கம் எனக்கு. இரண்டும் சேரும் மூலை அறை அம்மாவுக்கு. அவள் கதவைத் திறந்தால் வெயிலும் சாரலும் நேராகக் கட்டிலுக்கு வந்துவிடும். அதற்காகத்தான் மூலையில் திரும்பி இரண்டு பக்கமும் ஓடுகிற மாதிரி தகரக் கூரை போட முடிவு செய்தோம். அம்மாவுக்காகத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டோம் வேறு.

வெல்டர் வந்து அளவெடுத்தார். "ரெண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே சாய்வா வரணும்ணா. அப்பத்தான் மூலையில வெட்டிச் சேத்து, மேல மடிப்புத் தகரம் போட்டு மூட முடியும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் மாமனார் குன்றத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். மூத்தவன் கூரை நாலு விரலாவது உயர்ந்திருக்க வேண்டும், சமமாகப் போட்டால் மூத்த குடித்தனம் தழைக்காது என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார். அண்ணன் தலையாட்டினான்.

"நாலு விரல் இடைவெளி வுட்டா மழை பூரா அம்மா ரூமுக்குள்ளதான் போவும்" என்று வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். சரி, அண்ணன் கூரையிலிருந்து ஒரு தகரத் துண்டைத் தொங்கவிட்டு மூடலாம் என்று பார்த்தார். என் கூரையில் ஓட்டை போடாதே என்றான் அண்ணன். அவன் தகரம் என் தகரத்தின்மேல் ஏறி உட்காரக் கூடாது என்றேன் நான். நானும் லேசுப்பட்டவனில்லை. கடைசியில் மூலையில் இடைவெளியோடேயே கூரை ஏறியது.

ஐப்பசி மழையில் அம்மா கட்டிலை மூன்று முறை நகர்த்தினாள். நகர்த்த இடமில்லாமல் போனதும் துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு பல்லாவரத்தில் எங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். முதலில் யார் போய்க் கூப்பிடுவது என்பதிலேயே எங்களுக்கு ஒரு மாதம் ஓடியது. கடைசிவரை யாரும் போகவில்லை. வெட்கக்கேடு.

காலி அறையை வாடகைக்கு விடலாம் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை வரவில்லை. பார்க்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் அண்ணாந்து பார்த்து, "ஒழுகுமே சார்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அதே வெல்டரைக் கூப்பிட்டோம். அண்ணன் தன் பக்கத்துக் கம்பங்களை நாலு விரல் அறுத்து இறக்கச் சொன்னான். மாமனாரைக் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் மூலை மூடியாயிற்று.

பொங்கலுக்கு அம்மா வந்தாள். வாத்தியார் குடிவந்துவிட்ட தன் அறை வாசலில் விருந்தாளி மாதிரி தயங்கி நின்று மேலே பார்த்தாள்.

"நல்லா கீதுடா. எத்தினி நாள் புடிச்சுது இந்த வேலைக்கு?" என்று கேட்டாள்.

ஒரே நாள் வேலைதான்; வெல்டர் லேசில் கிடைக்கவில்லை என்றான் அண்ணன், ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.