ஒதெத் அடித்த ஆணி

மண் ஓயப் பத்தொன்பது மாதம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தவள் எங்கள் இன்ஜினியர் ஒதெத். அவளுக்கு அளவுகோல் பிடிக்கிறவன் நான். செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் புதுப் பாலத்துக்கு ஏறும் மண்மேடு, அதன் கீழே இருபது மீட்டர் களிமண். அதிலுள்ள நீர் கசிந்து, மண் அமுங்கி ஓயும்வரை தார் போடக்கூடாது. அவசரப்பட்டால் பாலம் நிற்கும், சாலை இறங்கும். வருகிற வண்டி கவிழ வேண்டியதுதான்.

பதின்மூன்றாம் மாதமே மேடு நின்றுவிட்டதாக அளவு சொன்னது. ஆறு வாரமாக அசைவில்லை. ஒப்பந்தக்காரன் லுசியான் காகிதத்தோடு வந்துவிட்டான்.

"மண்ணே ஓஞ்சிருச்சு ஒதெத், நீதான் ஓயல. கையெழுத்துப் போடு. திங்கக்கிழமை தார் லாரி வருது."

"நாலு மணிவரைக்கும் டைம் குடு."

"அதுக்குள்ள களிமண்ணு மனசு மாறிடுமா?"

அவன் ஆட்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் ஒரு கணக்குப் பிசகியதற்கே, இன்னொரு தப்பு வந்தால் வேலை கிடையாது என்று அவளை ஆபீசில் எச்சரித்திருந்தார்கள்.

"கெய்தான், கருவியைத் தூக்கு. சர்ச்சுக்குப் போறோம்," என்றாள்.

"மேடு இங்க இருக்கு, அங்க என்ன பிரார்த்தனையா?"

"சர்ச் பாறை மேல நிக்குது."

அசையாத குறி என்று தீயணைப்பு நிலையத்துப் படியில் அடித்த ஆணியிலிருந்துதான் இதுவரை எல்லாம் அளந்தோம். போன வருஷ ஜனவரிக் குளிரில், காபி தருவார்கள் என்று அங்கே அடித்தது அவள், பிடித்தது நான். இந்த வசந்தத்தில் அவர்கள் முற்றத்தில் சரளைக்கல் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அதன் அடியிலும் அதே களிமண், பாரம் ஏறினால் அதுவும் அமுங்கும்.

சர்ச்சிலிருந்து ஆணிவரை இரண்டு கிலோமீட்டர் மட்டம் பார்த்துக்கொண்டே வந்தோம். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கணக்கு முடிந்தது. ஆணியே இருபத்து மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மேடும் அதோடு சேர்ந்து இறங்கியதால்தான் நின்றதுபோலத் தெரிந்திருக்கிறது.

"உன் பத்தொன்பது மாசக் கணக்கு சரிதான்," என்றேன் சந்தோஷமாக. "கல்லு கொட்டினவங்க மேல எழுதிடு."

"ஆணிய நான்தானே அடிச்சேன்."

தார் போடக்கூடாது என்று எழுதினாள். குறியைத் தவறான இடத்தில் வைத்தது தான்தான் என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டாள். லுசியான் படித்தான். அவன் சிரிக்கவில்லை.

"இத அனுப்பினா உன் வேலை போயிடும்."

"அனுப்பு."

திங்கட்கிழமை லாரியும் வரவில்லை, ஒதெத்தும் வரவில்லை. கருவி என் கைக்கு வந்தது.

பத்தொன்பதாம் மாதக் கடைசியில் மேடு நின்றது. அன்றே அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"சர்ச்சுலேருந்து பாத்தியா?" என்று கேட்டாள்.