நாலாவது விமானம்

காலையில் பலாலி விமானத்தளத்தைத் தாண்டும்போது நாலு வேவு விமானங்கள் மேலெழுந்ததை எண்ணினேன். பின்னேரம் திரும்பும் வழியில், அவை இறங்குவதற்காக வீதியை மறித்திருக்கிறார்கள். முள்வேலியோரம் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கிறோம்.

"மூன்றுதான் வந்திருக்கின்றன," என்கிறேன்.

விமானப்படை முகாமுக்கு வாழைப்பழம் கொடுக்கும் நீர்வேலிக் கந்தையர் சீறுகிறார். "வாயை மூடுங்கோ ஐயா! மேலை நிக்கிற ஆக்களை எண்ணக்கூடாது. நாவூறு படும்."

"இன்னும் வராதது ஆர்?"

"போலந்துக்காரப் பெடியன். அவன்ரை நாட்டை ஜேர்மன்காரன் பிடிச்சிட்டான். அவங்கடை படை நாடு நாடாய் அலைஞ்சு, இங்கிலீசுக்காரனோடை சேந்து பறந்ததாம். அதிலை இவன் ஒருத்தன்தான் இஞ்சை வந்தவன். கதலி எண்டால் உயிர். முதல்நாள் தோலோடை கடிச்சவன்!"

அவர் கையில் ஒரு சீப்புப் பழம் தனியாக இருக்கிறது. எண்ணிவிட்டேன், பதினான்கு. வெளியே சொல்லவில்லை.

நாலாவதைக் காணாமல் வீதியைத் திறந்துவிட்டார்கள். சாரதி ஹோர்ன் அடிக்கிறார். நாங்கள் இருவரும் அசையவில்லை. அந்த விமானத்தின் பெற்றோல் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று மனம் கணக்குப் பார்க்கிறது, அதையும் விழுங்குகிறேன்.

கடற்பக்கம் ஒரு புள்ளி. எஞ்சின் இருமி இருமி வருகிறது. நான் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

சக்கரம் தரையைத் தொட்டதும், "நாலு!" என்று கத்துகிறார் கந்தையர்.