சுவர்ப்பக்கம் திரும்பும் கிழவர்

மாமி மகள் றிஸ்னா கொழும்பிலிருந்து அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் எழுந்த பூச்சி உருண்டை வாசம், மாம்புரியில் இப்போது ஹோட்டல் நிற்கிற இடத்தில் முன்பு இருந்த அவளுடைய வீட்டு முன்னறைக்கே என்னைக் கொண்டுபோனது.

கப்பலில் வேலை செய்த மாமா ஊர் ஊராகச் சேர்த்த கண்ணாடி மீன்களும் அன்னங்களும் அங்கே ஓர் அலுமாரி நிறைய இருக்கும், பின்னேர வெயில் அவற்றில் ஏறினால் நீலமும் பச்சையும் அலுமாரியோடு ஒட்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் றிஸ்னாவின் சட்டையில்தான் விழும், என் சட்டையில் ஒருநாளும் விழாது. அலுமாரிக்கு மேலே ஒரு படம். நீளக் குழாயை வாயில் வைத்து, கன்னம் உப்ப, நுனியில் சிவந்து தொங்கும் கண்ணாடியை ஊதுகிற கிழவர். உருவப்படத்தைப் பார்த்துக்கொண்டு தொழக்கூடாது என்பதால், பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டதும் மாமி, "படத்தத் திருப்புங்க மகள்" என்பார். றிஸ்னா கதிரையில் ஏறி, கிழவரைச் சுவர்ப்பக்கம் திருப்புவாள். நான் திருப்பக் கேட்டால், "நீ ஒடச்சிப்போடுவாய்" என்பாள்.

பெட்டிக்குள் இருந்தது அந்தப் படம்தான்.

"கண்ணாடியெல்லாம் என்கிட்ட இருக்கு. இது சும்மா இடத்த அடைக்குது, நீ வெச்சிக்கோ" என்றாள் போனில். அவ்வளவு லேசாகக் கொடுக்க முடிகிறதே என்று அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

முன்னறையில் மாட்டி, பாங்கு கேட்டால் திருப்ப வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். அஸர் பாங்கு கேட்டதும் என் மகள் கதிரையை இழுத்து வந்தாள்.

"நான் திருப்பட்டா உம்மா?"

"வேணாம், நீங்க ஒடச்சிப்போடுவீங்க" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் நான் ஏறினேன்.