நாலாவது ஓட்டக்காரி

எங்கள் இலாகாவில் பெண்கள் மூன்றே பேர். கட்டை மாற்றி ஓடும் அஞ்சல் ஓட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். காட்டோரத்துக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அரசாங்க வேலை கிடைத்தது அதனால்தான். அந்த வேலை போனது என்னால்.

மலாக்கா நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கும் இலாகா அது. நான் அங்கே தட்டச்சராக இருந்தேன். மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த புதிது. வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது, வாய் கொஞ்சம் நீளம், பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. இலாகாவின் விளையாட்டு மன்றத்துக்கு நான்தான் செயலாளர். விளையாட்டில் பெரிய சூரி என்பதால் இல்லை, தட்டச்சு இயந்திரம் என் மேசைமேல் இருந்ததால்.

அந்த வருஷம் இலாகாக்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் பெண்களுக்கும் அஞ்சல் ஓட்டம் உண்டு என்று சுற்றறிக்கை வந்தது. எனக்குக் கை பரபரத்தது. தொலைபேசியில் இருந்த சீனப் பெண் சரி என்றாள். மூன்றாவது ஆள் கோப்பறையில் இருந்த என் தோழி. அவள் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி, கம்போங் செட்டியில் இருந்தவள். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சம் அவர்கள், சாமி கும்பிடுவதில் எங்களைவிடக் கெட்டி. ஆனால் தமிழ் வராது. பேச்செல்லாம் மலாய்தான், அதுவும் அவர்களுக்கென்று ஒரு தனி மலாய். கட்டுவது சாரோங் கைலியும் கெபாயா ரவிக்கையும். நெற்றியில் திருநீறு இல்லையென்றால் மலாய்க்காரி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நாங்கள் இருவரும் தினமும் ஒன்றாக நடந்து ஆபீசுக்குப் போவோம்.

அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடவேண்டும் என்றதும் என் அம்மா வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். "ஏண்டி, ஊரு பூரா காலைக் காட்டிக்கிட்டு ஓடுனா எவண்டி உன்னைக் கட்டுவான்?" என்றாள். "ஓடிப் புடிக்கிறவன் கட்டட்டும்," என்றேன். கரண்டி பறந்து வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் நீர்த்தேக்கத்துக்குச் சுற்றுலா போனோம். கரைமேல் நாங்கள் மூவரும் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஓடிப் பழகினோம். தேக்கத்துக்குப் பின்னால் காட்டோரத்தில் தெமுவான் மக்களின் குடியிருப்பு. இந்த மண்ணின் பூர்வகுடிகள் அவர்கள். இப்போது ஓராங் அஸ்லி என்று மரியாதையாகச் சொல்கிறோம். அப்போது நாங்கள் சொன்ன சொல்லை இங்கே எழுதக் கூசுகிறது. அங்கிருந்து வந்த மூன்று பெண்கள் எங்களைப் பார்த்துக் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? வந்து ஓடிப் பாரு," என்று மலாயில் கத்தினேன். ஒருத்தி வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். முதுகில் பிரம்புக் கூடை, அதை இறக்கிவைக்கக்கூட இல்லை. கரையின் பாதிக்குள் என்னைத் தாண்டிவிட்டாள். முனையில் போய் நின்று, மூச்சுகூட வாங்காமல், நான் வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே எங்கள் இலாகாத் துரையிடம் போய் நின்றேன். ஆபீசில் தேநீர் போடவும் கோப்புகள் தூக்கவும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தால் அஞ்சல் ஓட்டத்துக்கு நாலு பேர் ஆகிவிடும் என்றேன். துரை சிரித்தார். ஆண்கள் காற்பந்துக் குழுவுக்கு அவர் அப்படித்தான் ஆள் சேர்த்திருந்தார். நல்ல கோல் காவலர் என்பதற்காகவே ஒருவருக்குக் குழாய் பொருத்தும் வேலை கொடுத்தார். அவர் பொருத்திய குழாய் ஒழுகும், ஆனால் கோல் விழாது. ஆகவே சரி என்றார்.

கூடையோடு ஓடிய அந்தப் பெண்ணின் அப்பா, அவள் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு அனுப்பிவைத்தார். தங்குவதற்கு என் தோழி தன் வீட்டிலேயே இடம் கொடுத்தாள். மலாயிலேயே பேசிக்கொள்ளலாம், அவளுக்கும் லேசாக இருக்கும் என்றாள்.

பிறகு விண்ணப்பப் பாரம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான்தான் தட்டினேன். இனம் என்ற இடத்தில் நாலே வழி: மலாய், சீனர், இந்தியர், மற்றவர். மற்றவர் என்று போட்டால் பாரம் கோலாலம்பூருக்குப் போகவேண்டும். அங்கே போன காகிதம் திரும்பி வர மூன்று மாதமாவது ஆகும். மலாய் என்றால் எங்கள் துரையே கையெழுத்துப் போடலாம். போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

நான் மலாய் என்று தட்டுவதைத் தோழி என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டாள்.

"அத போடாதே," என்றாள். அவள் மலாயில் பேசியதைத்தான் தமிழில் எழுதுகிறேன். "மலாய்க்காரங்கன்னா முஸ்லிம்தான், மலாய்னு போட்டா அடுத்த கேள்வி மதம். என் உடுப்பைப் பாத்துட்டு என்கிட்ட அதைக் கேக்காத ஆளில்ல. பதில் சொல்லிச் சொல்லி நான் ஓஞ்சு போயிட்டேன். அவளுக்கு எதுக்கு அந்த வம்பு?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். ஒரு சொல்லுதானே? போட்டி முடியட்டும், மாத்திக்கலாம்."

மதம் என்ற இடத்தை வெறுமனே விட்டேன். துரையின் மனசு கப்பலில் இருந்தது, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பண்டார் ஹிலிர் திடலில் போட்டி நடந்தது. நான் முதல் ஓட்டம். கட்டையைக் கொடுத்தபோது நாலாவது இடத்தில் இருந்தோம். சீனப் பெண் ஒரு இடம் முன்னேறினாள். தோழி அதைக் கெடுக்காமல் கொண்டுவந்து சேர்த்தாள். கடைசி ஓட்டம் அந்தத் தெமுவான் பெண்ணுக்கு. மன்றம் வாங்கிக் கொடுத்த கேன்வாஸ் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். இரண்டு பேரைத் தாண்டி முதலாவதாக வந்தாள். திடலே எழுந்து நின்றது. நான் கத்திய கத்தலில் இரண்டு நாள் தொண்டை கட்டிப்போயிற்று. கோப்பையைத் துரை தன் அறையில் வைத்துக்கொண்டார், அடுத்த மாதம் கப்பல் ஏறினார்.

புதிதாக வந்த அதிகாரி மலாய்க்காரர், நல்ல மனிதர். அவள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஆபீசைத் திறப்பதையும், ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எழுத்தைப் பார்க்காமல் நிறத்தையும் முனை மடிப்பையும் வைத்தே எடுத்துக் கொடுப்பதையும் கவனித்தார். ஆறு மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரம் ஆகலாம் என்றார். அது ஆகிவிட்டால் அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளலாம், அடுத்த வருஷத்துக்கு இன்னும் வலுவான குழுவாக இருக்கும் என்றும் சொன்னார். அன்று கரையில் அவளோடு சிரித்தார்களே, அந்த இருவரைத்தான் அவள் மனசில் வைத்திருந்தாள். ஒவ்வொரு மாதமும் வீட்டுக்குப் போகும்போது அவர்களைக் கரைமேல் ஓடவைத்துப் பழக்கினாள். "அக்கா, சின்னவ என்னைவிட வேகம்," என்று திங்கட்கிழமை வந்து சொல்வாள். அந்தக் குடியிருப்பில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

பாரத்தை மாற்றவேண்டும் என்று எனக்கு நினைவு வராமல் இல்லை. மாற்றினால் முதலில் ஏன் அப்படிப் போட்டாய் என்ற கேள்வி வரும். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினேன்.

நோன்பு மாதம் வந்தது. முதல் நாள் மதியம் அவள் எங்களோடு உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பதிவேட்டில் மலாய் என்று இருப்பவள் நோன்புப் பகலில் சாப்பிட்டால் யாராவது கேட்பார்கள் என்று எனக்குப் பட்டது. "இந்த ஒரு மாசம் நீ இங்க சாப்பிடாதே. குழாய் அடுக்கியிருக்கிற கொட்டகைக்குப் பின்னால போய்ச் சாப்பிடு," என்றேன்.

"ஏன் அக்கா? நீங்க ரெண்டு பேரும் இங்கதானே சாப்பிடறீங்க?"

"சொன்னா கேளு."

கேட்டாள். வெயிலில் குந்தி உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். தோழி தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவளோடு போய் உட்கார்ந்தாள். போகிற போக்கில் என்னைப் பார்த்த பார்வையில் நான் சுருங்கிப்போனேன். சில நாள் கழித்து ஆபீசின் வயதான மலாய் பியூன், அவரை மாமா என்ற பொருளில் பாக்சிக் என்று கூப்பிடுவோம், என் மேசைக்கு வந்து தணிந்த குரலில் கேட்டார். "அந்தப் பிள்ளை மலாய்னு பதிவேட்டில இருக்கே, நோன்பு வைக்கலியே? நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா தப்பா எழுதியிருந்தா சீக்கிரம் சரி பண்ணிடும்மா." மனிதர் எனக்கு வழியைத் திறந்துவிட்டார். நான் "பாக்கறேன் பாக்சிக்" என்று சொல்லி அனுப்பினேன்.

பெருநாள் முடிந்த இரண்டாவது வாரம் வேலையை நிரந்தரமாக்குவதற்கான நேர்முகம். மூன்று அதிகாரிகள். பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்க நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் இஸ்திரி போட்ட யூனிஃபார்மோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. தெரிந்த ஆள் இருக்கிறாளே என்ற தைரியம்.

அதிகாரி அன்பாகத்தான் ஆரம்பித்தார். "பெருநாளுக்கு ஊருக்குப் போனியா? அப்பா அம்மா நல்லாருக்காங்களா?"

"எங்களுக்குப் பெருநாள் இல்ல துவான். நாங்க தெமுவான். போன மாசமே போயிட்டு வந்தேன்."

அவர் பாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவரும் பார்த்தார்.

"இதுல மலாய்னு இருக்கு. நீ சொல்லித்தானா எழுதினாங்க?"

"எனக்குப் படிக்கத் தெரியாது துவான்."

"சரி. யார் எழுதினது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். காட்டிக்கொடுக்கத் திரும்பவில்லை. நான் எழுந்து சொல்லிவிடுவேன், விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்துத் திரும்பினாள். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பென்சில் முனை நோட்டிலேயே நின்றது. எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று தெரியாது. பிறகு அவளே சொன்னாள்.

"கோர்ட்டுகிட்ட மனு எழுதறவர் ஒருத்தர் எழுதினார் துவான். முகம் ஞாபகம் இல்ல."

அந்தப் பொய்யைச் சுருக்கெழுத்தில் பிசகில்லாமல் எடுத்தேன்.

பொய்த் தகவல் கொடுத்து வேலையில் சேர்ந்ததாக முடிவாயிற்று. அதிகாரிக்கு மனசே இல்லை, விதியை மீற அவருக்கு வழியும் இல்லை. அந்த இரண்டு பெண்களை எடுக்கும் பேச்சும் அதோடு நின்றது. பணிநீக்கக் கடிதத்தை மூன்று நகல் தட்டினேன். தோழி அன்று சாயங்காலம் எனக்காக வாசலில் நிற்கவில்லை. மறுநாள் காலையில் சாலைக்கு அந்தப் பக்கமாக நடந்து போனாள். நான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை, தம்பிகள் பள்ளிக்கூடத்தில். உண்மையைச் சொல்லியிருந்தால் என் சீட்டும் கிழிந்திருக்கும். இதெல்லாம் நிஜம். ஆனால் அன்று தலையைக் குனிந்தபோது அப்பாவும் தம்பிகளும் என் நினைவிலேயே இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. முழுப் பணிக்காலமும் வேலை பார்த்து, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் கடைசியாக ஆபீசுக்கு வந்தது யூனிஃபார்மையும் சப்பாத்தையும் திருப்பிக் கொடுக்க. இலாகாச் சொத்து, நான்தான் வாங்கிக்கொண்டு ரசீது எழுதவேண்டும். யூனிஃபார்ம் துவைத்து மடித்திருந்தது. சப்பாத்து புதுசாகவே இருந்தது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, அதுல ஏன் மலாய்னு எழுதினீங்க?" என்றாள்.

அவளிடமாவது உண்மையைச் சொன்னேன். மற்றவர் என்று போட்டால் கோலாலம்பூருக்குப் போய் வர மூன்று மாதம் ஆகும், போட்டி ஐந்து வாரத்தில் இருந்தது என்றேன்.

கோபம்கூட இல்லை அந்த முகத்தில். கணக்குப் புரியாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"மூணு மாசம்தானே? நான் காத்திருந்திருப்பேனே அக்கா."